எல்லாரும் வீடு சேர்ந்தாச்சா

ஏசுவடியான் இந்தக் கதையைப் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டே வந்திருக்கிறார். சொன்னது அவருடைய மனைவி ஜெபக்கனி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், சொன்னாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அணைக்கட்டில் மழை அளக்கும் வேலையில் தலை நரைத்தவர் அவர். மழைக்கு மேகம் தெரியும், காற்று தெரியும், மலை தெரியும், கதவு எண் மட்டும் தெரியாது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத உறுதி. இருந்தும் யாராவது கேட்டால் கதையைச் சொல்வது அவர்தான், அவள் சொன்ன மாதிரியே, ஒன்றும் விடாமல். சொல்லி முடித்ததும் "அவ சொன்னா, நான் கேட்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

கதை நடந்த ஊர் ஹைஃபா. கடலுக்குள் இறங்கப் போன மலை பாதியில் மனம் மாறி நின்றுவிட்ட மாதிரி ஓர் ஊர். மேல் தெருவுக்கும் கீழ்த் தெருவுக்கும் நடுவே படிக்கட்டுகள், படிக்கட்டுகளின் இரு பக்கமும் பழைய கல் வீடுகள், எந்த ஜன்னலைத் திறந்தாலும் துறைமுகத்தில் முறைக்காகக் காத்துக்கிடக்கும் கப்பல்கள். அங்கே பாதி மலையில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தில், நஜியா என்கிற வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஜெபக்கனி போனாள். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் அஸ்திவாரத்தோடு நின்றுபோயிருந்த வீட்டைக் கட்டி முடித்ததும் திரும்பிவிடுவதாகப் பேச்சு. சுவர் எழுந்தது, கூரை போட்டார்கள், மாடி எடுத்தார்கள், மாடிக்கு மேல் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். ஒரு வீடு எப்போது கட்டி முடிகிறது என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. மகன் ஷிபின் "எப்பம் வருவம்மா?" என்று போனில் முதலில் தினமும் கேட்டான், பிறகு பண்டிகைக்குப் பண்டிகை கேட்டான், பிறகு ஒன்றும் கேட்காமல் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறவனாக வளர்ந்தான்.

அந்த ஊரின் குளிர்காலத்தை ஜெபக்கனி காயாத துணியை வைத்துத்தான் அறிந்தாள். கோடை முழுக்க ஒரு துளி விழாத வானம் குளிர் வந்ததும் கொட்டித் தீர்க்கும்; படிக்கட்டுகள் அருவிகளாகும்; காற்று பிடுங்கி எறிந்த குடைகள் கம்பி முறிந்து குப்பைத் தொட்டிகளில் செத்த வௌவால்கள் மாதிரி தொங்கும்; வடக்குச் சுவர்களில் கறுப்பாகப் பூஞ்சை படரும்; கூரையில் வெயிலில் சூடாகும் தண்ணீர்த் தொட்டி மேகத்தின் கீழே ஆறிப்போக, "பாய்லரைப் போட்டியா, மறக்காம அணைச்சியா" என்பதே வீட்டுக்கு வீடு குசலவிசாரிப்பாகும். தெருமுனையில் மித்ரி என்கிற அரபுக் கிறிஸ்தவர், தள்ளுவண்டியில் பித்தளைக் குடம் வைத்து, கொழுகொழுவென்ற சூடான பால் கஞ்சிக்கு மேலே பட்டைத் தூளும் தேங்காய்த் துருவலும் தூவி விற்பார். கடைகளில், வெயில் காலத்தில் காணக் கிடைக்காத நுரை மிட்டாய், வெள்ளித் தாள் சுற்றி வந்து அடுக்கப்படும். முன்மாரி, பின்மாரி என்று, பருவத்தின் முதல் மழையும் கடைசி மழையுமாக, ஊரில் ஞாயிறுதோறும் பாஸ்டர் கையை உயர்த்திக் கேட்கிற ஆசீர்வாதங்களை, இங்கே டிவியில் வானிலை சொல்லும் பெண் ஏதோ பஸ் வருகிற மாதிரி 'முன்மாரி நாளை மாலை' என்று சாதாரணமாகச் சொன்ன முதல் வருடம், ஜெபக்கனி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றிருக்கிறாள்.

அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில், முன்பு செருப்புக் கடையாக இருந்த அறையில், பாக்தாத்திலிருந்து வந்த யூதர்களின் சின்ன ஜெப ஆலயம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஹெஸ்கேல், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இலையுதிர்காலப் பண்டிகை முடிந்த கையோடு மழை கேட்டு ஜெபிப்பது அவர்கள் வழக்கமில்லை. சில நாள் பொறுப்பார்கள். பழங்காலத்தில் பண்டிகைக்கு நடந்து வந்தவர்கள் சேற்றில் மாட்டாமல் வீடு போய்ச் சேர வேண்டும், அதிலும் பாபிலோனின் ஆற்றங்கரைவரை போகிற கடைசி ஆள் சேர வேண்டும், அதற்குப் பிறகுதான் மழையைக் கூப்பிட வேண்டும் என்று முன்னோர் சொல்லிவைத்தது. இப்போது யாரும் நடந்து வருவதில்லை, ஆற்றங்கரைக்குத் திரும்புவதுமில்லை, ஆனாலும் காத்திருப்பார்கள். அந்தச் சின்ன ஆலயத்தில் மட்டும் இன்னொரு வழக்கமும் உண்டு. மழை கேட்கத் தொடங்கும் மாலையில் ஹெஸ்கேல் வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்து "எல்லாரும் வீடு சேர்ந்தாச்சா?" என்று குரல் கொடுப்பார், உள்ளே இருக்கிற பத்துப் பதினைந்து பேரும் விளையாட்டாக "சேர்ந்தாச்சு!" என்று கத்துவார்கள், உடனே ஜெபம் தொடங்கிவிடும். பதிலைத் தெரிந்துகொண்டு கேட்கிற கேள்வி, கல்யாண வீட்டில் "சாப்பிட்டீங்களா" என்கிற மாதிரி.

அந்த வருடம் திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து, ஜெபக்கனி தள்ளிவந்த சக்கர நாற்காலியில் இருந்தபடி, நஜியா "இல்லை" என்றாள்.

சிரித்தார்கள். "யாரும்மா இன்னும் வரல?" என்று ஹெஸ்கேல் கேட்டார்.

"நூரி."

நூரி அவளுடைய அண்ணன். அவள் சிறுமியாக இருந்தபோது குடும்பம் பாக்தாத்திலிருந்து விமானம் ஏறியது. போகிற ஊரில் குளிர் அதிகம் என்று யாரோ சொன்னதால், தையற்காரரிடம் கொடுத்திருந்த கோட்டை வாங்கிக்கொண்டு அடுத்த விமானத்தில் வருகிறேன் என்று நூரி திரும்பி ஓடினான். அடுத்த விமானம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, பிறகு விமானங்களே நின்றுபோயின. ஆலயத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஹெஸ்கேல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கிவிட்டார், பஸ்ஸில் யாரோ மணியடித்ததைக் கேட்காத டிரைவர் மாதிரி.

இரண்டொரு நாளில் முன்மாரி வந்தது. கடலிலிருந்து கறுத்து ஏறி, துறைமுகத்தை மறைத்து, படிப்படியாக மலையேறி, ஊர் முழுக்கப் பெய்தது. அந்தக் கட்டடத்தின் மேலும், அதன் பின்னால் எலுமிச்சை மரமும் துணிக்கொடிகளும் நின்ற முற்றத்தின் மேலும் மட்டும் பெய்யவில்லை. நாலு பக்கமும் பாசிமணித் திரை தொங்கவிட்ட மாதிரி மழை நின்றது. கையை நீட்டினால் நனைந்தது, இழுத்துக்கொண்டால் காய்ந்தது. ஹெஸ்கேல் கூரைக்கு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து "மேலே ஒண்ணுமில்ல" என்றார். மூன்றாம் மாடியிலிருந்த ரய்ஸா, ஒடெசாவிலிருந்து வந்தவள், ஈரத் துணி வாளியோடு இறங்கி வந்தாள். அவள் வானத்தைப் பார்க்கவேயில்லை. "மழைய விடுங்க. கொடி காலியா இருக்கா?"

அப்படித்தான் அது தொடங்கியது. குளிர்காலம் முழுக்கச் சாக்ஸைச் சூடேற்றியின் மேல் வறுத்தெடுக்கிற ஊரில், வெளியே துணி காய்கிற ஓர் இடம் என்றால் சும்மாவா? முதலில் அந்தக் கட்டடத்தின் துணிகள் வந்தன, பிறகு எதிர்க் கட்டடத்தின் துணிகள், பிறகு மேல் தெரு, கீழ்த் தெரு. வெள்ளிக்கிழமை முகாமிலிருந்து அழுக்கு மூட்டையோடு வரும் பிள்ளைகளின் ராணுவ உடுப்புகளை, ஞாயிறு காலை அவர்கள் பஸ் ஏறுவதற்குள் காயவைக்கத் தாய்மார்கள் ஓடி வந்தார்கள். மித்ரியின் மனைவி தங்கள் மாதா கோயில் பாதிரியாரின் அங்கிகளைக் கொண்டுவந்தாள். ஹெஸ்கேல் ஆலயத்தின் ஜெபச் சால்வைகளை அதே கொடியில் நகர்த்தி இடம் விட்டார். விளக்குப் பண்டிகையின் ஜாம் வைத்த பணியாரங்களை மக்கள் அங்கே நின்றே தின்றார்கள், சர்க்கரைத் தூள் ஈரமாகாமல். மலைக்காட்டிலிருந்து குப்பை கிளற இறங்கும் பன்றிகள்கூட, வரி வரியான குட்டிகளோடு வந்து எலுமிச்சை மரத்தடியில் முடங்கின; ரய்ஸா ருஷ்ய மொழியில் திட்டுவாள், அவை காதை மட்டும் ஆட்டும். கொடிகளைக் கட்டுவதும், காய்ந்ததை மடிப்பதும், எந்தத் துணி யாருடையது என்று பிரிப்பதும் எப்படியோ ஜெபக்கனியின் வேலையாயிற்று. யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் வறண்ட அந்த முற்றத்துக்குள் ஒரு சத்தமின்மை இருந்தது. நாலு பக்கமும் மழை இரைய, நடுவே மட்டும் காதை அடைத்துக்கொண்ட மாதிரி ஓர் அமைதி. அதில் நின்றவர்கள், துணி உலர்த்த வந்தவர்கள்கூட, பேச்சை நிறுத்திவிட்டு எதையோ கேட்கத் தொடங்கினார்கள். கொடியில் தொங்கிய உடுப்புகள் காற்றில்லாமல் மெல்லத் திரும்பி, மார்பை வாசல் பக்கம் வைத்துக்கொண்டன. இரும்புக் கேட் கிரீச்சிட்டால் நாலு மாடியிலும் கதவுகள் திறந்தன. தபால்காரனாக இருக்கும், பூனையாக இருக்கும். கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும்.

ஒரு நாள் நஜியா, "பின்தி, ஒரு நாற்காலி கொண்டு போய் எலுமிச்சைக்குப் பக்கத்துல போடு. வந்தவன் நிக்கக் கூடாது" என்றாள். பின்தி என்றால் அவள் வீட்டு அரபியில் மகளே. ஜெபக்கனி சமையலறை நாற்காலி ஒன்றை எடுத்துப் போய்க் கேட்டைப் பார்த்துப் போட்டாள். மறுநாள் காலையில் அதன் பக்கத்தில் இன்னொன்று இருந்தது, பிரம்பு பின்னியது.

"அது எங்க சித்தப்பாவுக்கு" என்றார் மித்ரி. "நாப்பத்தெட்டுல துறைமுகத்துலேர்ந்து படகேறிப் போனார். சண்டை ஓய்ஞ்சதும் வந்துடறேன், அடுப்புல சாம்பல அள்ளாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாராம். மழை யாருக்காக நிக்குதுன்னு நினைக்கறீங்க? ஒரு கோட்டுக்காகவா?"

"கோட்டுன்னு கேவலமாப் பேசாத" என்றாள் நஜியா மேலே ஜன்னலிலிருந்து.

"நான் கேவலமாப் பேசல, பெரியம்மா. வரிசையிலே யார் முன்னாடின்னு கேக்கறேன்."

ரய்ஸா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் கணவன் போரிஸ், அவர்கள் இந்த நாட்டுக்குக் கிளம்பி வந்த வழியில், எல்லை ஸ்டேஷன் ஒன்றில் சிகரெட் வாங்க இறங்கினவன். "ஆனா மழை அவனுக்காக நிக்காது" என்றாள் அவளே. "நானே நிக்கல. ரயில் எடுத்ததும் அவன் சீட்டுல காலை நீட்டிக்கிட்டேன்." இருந்தும் முக்காலியை அவள் திரும்ப எடுத்துப் போகவில்லை.

பிறகு மற்றத் தெருக்களிலிருந்தும் வந்தார்கள். துணிக்கூடையோடு வந்தவர்கள் இப்போது நாற்காலியோடு வந்தார்கள்; மடக்கு நாற்காலி, பள்ளிக்கூட நாற்காலி, குழந்தையின் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, அதை வைத்த பெண் யாரோடும் பேசாமல் போய்விட்டாள். போரில் காணாமல் போனவன், கப்பலில் போனவன், போலந்தில் ஒரு வாசலில் கையை விட்ட தங்கை, கோபித்துக்கொண்டு போன மகன். ஒவ்வொருவரும் மழை தங்கள் ஆளுக்காகத்தான் நிற்கிறது என்று நம்பினார்கள். நம்பினாலும் அடுத்தவர் நாற்காலியைத் தள்ளி வைக்கவில்லை. கோடை விடுதி மூடிய பிறகு கடற்கரையில் கிடக்கிற மாதிரி, அந்தக் காலி நாற்காலிகள் எல்லாம் கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. அவற்றின் மேல் படிந்த தூசியைத் தினமும் காலையில் துடைத்தவள் ஜெபக்கனி.

அந்தத் தூசிதான் முதல் அறிகுறி. மழைக்காலத்தில் எங்கிருந்து தூசி? எலுமிச்சை மரம் காய்களை உதிர்த்தது, பிறகு இலைகளை உதிர்த்தது. கதவுகள் சுருங்கித் தாழ்ப்பாளை எட்டாமல் நின்றன. ரய்ஸாவின் பியானோவில் ஒரு மாலை துப்பாக்கி வெடித்த மாதிரி பலகை பிளந்தது. ஊரெல்லாம் பூஞ்சையோடு மல்லுக்கட்ட, அந்தக் கட்டடத்தில் மட்டும் உதடு வெடித்தது, மூக்கில் ரத்தம் கசிந்தது. நஜியாவின் தோல் கையால் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. நாகர்கோவிலிலிருந்து வந்த தேங்காயெண்ணெயை ஜெபக்கனி தேய்க்கத் தேய்க்க உடம்பு அதை மணலைப் போலக் குடித்தது. அழுதாலும் நஜியாவுக்குக் கண்ணீர் வரவில்லை. டாக்டர் வந்து பார்த்து, "இந்த வீட்ட விட்டு உடனே கூட்டிட்டுப் போங்க. இங்கேயே இருந்தா இந்த அம்மா கோடைய பாக்க மாட்டாங்க" என்றார்.

"வேற வீட்டுக்குப் போனா நூரிக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நஜியா. அதோடு பேச்சு முடிந்தது.

ஹெஸ்கேலுக்கு வேறொரு பயம் பிடித்திருந்தது. ஆலயத்திலிருந்த, பாக்தாத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த, வேதம் எழுதிய தோல் சுருளில் எழுத்துகள் காய்ந்து உரியத் தொடங்கியிருந்தன. முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஜெபக்கனியிடம் வந்தார்.

"நீ சொன்னா கேப்பாங்க, கனி."

"என்ன சொல்ல?"

"சேர்ந்தாச்சுன்னு சொல்லச் சொல்லு. இல்லைன்னு சொன்ன வாயாலேயே சொல்லணும். ஒரே வார்த்தை."

"யாரு சேர்ந்தாச்சு?"

ஹெஸ்கேல் நாற்காலிகளைப் பார்த்தார். "நான் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவன். கடைசி ஆள் வர்ற வரைக்கும் நிறுத்தி வெக்க முடியாது. ஒரு கட்டத்துல கதவ மூடிட்டு எடுத்துடணும்."

"நான் பஸ்ஸுக்குப் பின்னால ஓடி வர்ற பொம்பள" என்றாள் ஜெபக்கனி. "எனக்குத் தெரியறது வேற."

"அவங்க சாகப் போறாங்க."

"தெரியும். அதனாலதான் நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா எனக்காகச் சொல்லிடுவாங்க."

அந்த வாரத்தில்தான் ஊரில் வீட்டுப் பிரதிஷ்டை நடந்தது. அவள் வருகைக்காக மூன்று தடவை தள்ளிவைத்து, இனியும் தள்ள முடியாது என்று ஏசுவடியான் நாள் குறித்துவிட்டார். மழைச் சத்தம் இல்லாத இடம் என்பதால் ஜெபக்கனி முற்றத்தின் நடுவே, நாற்காலிகளுக்கிடையில், போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாஸ்டர் வாசலில் நின்று ஜெபித்தார். முன்மாரியும் பின்மாரியும் அந்த வீட்டின் மேல் இறங்க வேண்டும் என்று கேட்டார். ரிப்பனை வெட்டியதும் ஏசுவடியான் போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தார். அப்படி அவள் தன் வீட்டுக்குள் கணவனின் உள்ளங்கையில் இருந்தபடி நுழைந்தாள். அடுக்களையில் அவர் கொஞ்ச நேரம் நின்றார். "மேடை ஒனக்கு உயரம் செரியா இருக்குமா?" என்று கேட்டார். அவள் சரியாக இருக்கும் என்றாள். போனுக்குள் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள், படம் ஆடியது, அணைந்தது. நிமிர்ந்தபோது மேலே ஜன்னலிலிருந்து நஜியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலையோரத்து வாதுமை மரங்கள் இலைக்கு முன்னால் பூத்து, பாறை இடுக்குகளில் இளஞ்சிவப்புப் பூக்கள் தலை குனிந்து எட்டிப்பார்த்து, குளிர்காலம் மூட்டை கட்டத் தொடங்கியது. பின்மாரி நாளைக்கு, இந்த வருடத்துக்கு இதுதான் கடைசி என்று டிவியில் சொன்னார்கள். மறுநாள் மதியம் ஹெஸ்கேல் மேலே ஏறி வந்தார். மூடியிருந்த உள்ளங்கையை நஜியாவின் முன்னால் திறந்தார். சுருளிலிருந்து உதிர்ந்த ஓர் எழுத்து அதில் கறுப்பு எறும்பு மாதிரி கிடந்தது.

நஜியா அதையே நெடுநேரம் பார்த்தாள். "மூச்சு விடாத, பறந்துடும்" என்றாள். பிறகு "பின்தி, என்னைக் கீழே கொண்டு போ" என்றாள்.

செய்தி எப்படிப் பரவியதோ, நாற்காலி போட்டவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். யாரும் உட்காரவில்லை, நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றார்கள். பின்மாரி கடலிலிருந்து ஏறி வந்து நாலு பக்கமும் சூழ்ந்து நின்றது. ஹெஸ்கேல் வாசற்படியில் நிற்க வேண்டியவர் முற்றத்தின் நடுவே நின்றார். விளையாட்டுக் குரல் வராமல் சாதாரணக் குரலில் கேட்டார்.

"எல்லாரும் வீடு சேர்ந்தாச்சா?"

நஜியா கேட்டைப் பார்த்தாள். "கோட்டு வாங்கத்தானே போனான்" என்றாள். "கையில கோட்டு இருக்கு. நனைஞ்சா ஒண்ணும் ஆகாது." வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். "சேர்ந்தாச்சு."

மழை விழவில்லை.

எல்லோரும் மித்ரியைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சேர்ந்துவிட்டார் என்று சொன்னால் போன இடத்தையே வீடு என்று ஒப்புக்கொண்ட மாதிரி. கடைசியில் அரபியில், நாற்காலிக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். மழை விழவில்லை. "அவன் எங்கேயோ சேர்ந்திருப்பான், சிகரெட் கிடைக்கற எடத்துல" என்றாள் ரய்ஸா, முக்காலியைக் காலால் மெல்லத் தள்ளி. அப்புறம் ஒவ்வொருவராக, அவரவர் மொழியில், சிலர் அழுதுகொண்டு, சிலர் கோபமாக, பிளாஸ்டிக் நாற்காலிப் பெண் கடைசியாக உதட்டை மட்டும் அசைத்து. எல்லோரும் சொல்லி முடித்தும் மழை அப்படியே திரையாக நின்றது. இனி யார்? ஹெஸ்கேல் கட்டடத்தை அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு மாடியாக, ஒவ்வொரு ஜன்னலாக, அங்கே வசிப்பவர்களை மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் விடுபடவில்லை.

கொடிக்கு அந்தப் பக்கம், வாயில் இரண்டு மரக் கவ்விகளைக் கடித்துக்கொண்டு, மழை வந்துவிடுமே என்று ராணுவச் சட்டைகளை அவசரமாக உருவிக்கொண்டிருந்தாள் ஜெபக்கனி. அத்தனை குளிர்காலமும் அவளிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. அவளும் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறாள் என்பது அப்போதுதான் ஒருவர் பின் ஒருவராக அவர்கள் முகத்தில் தெரிந்தது. ஹெஸ்கேல் தலையில் கை வைத்தார்.

"பின்தி" என்றாள் நஜியா. "நீ?"

ஜெபக்கனி கவ்விகளை வாயிலிருந்து எடுத்தாள். சட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவர்களுடைய மொழியில் அந்த நேரம் ஒரு சொல்லும் வரவில்லை. தமிழில் சொன்னாள்.

"வந்துட்டேன்."

யாருக்கும் புரியவில்லை. மழைக்குப் புரிந்தது. நாலு பக்கத்துத் திரையும் ஒரே நேரத்தில் உள்ளே விழுந்தது. நாற்காலிகள், பன்றிகள், அங்கிகள், ஜெபச் சால்வைகள், மூன்று தெருக்களின் துணிகள் எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நனைந்து கனத்துத் தொங்கின, தாய்மார்கள் "ஐயோ, நாளைக்கு உடுப்பு!" என்று கூச்சலிட்டுக் கொடிகளுக்கு ஓடினார்கள். எலுமிச்சையின் வெறுங்கிளைகளில் தண்ணீர் ஓடியது. நஜியாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓட வந்த ஜெபக்கனியின் கையை அவள் பிடித்து நிறுத்திவிட்டாள். முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, சிறுமி மாதிரி நனைந்தாள். கண்ணில் ஓடியது மழையா வேறா என்று சொல்ல முடியாதபடி நனைந்தாள்.

நஜியா அந்தக் கோடையைப் பார்த்தாள். அடுத்த முன்மாரியைப் பார்க்கவில்லை. ஜெபக்கனி ஊர் திரும்பினாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தகப்பனை விட உயரமாக வளர்ந்திருந்த மகன் அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு, என்ன பேசுவதென்று தெரியாமல், "ரெம்ப கனமா இருக்கே" என்றான்.

அவள் கதையைச் சொன்ன நாளிலிருந்து ஏசுவடியான் சந்தேகப்பட்டார். மேகத்தைச் சந்தேகப்பட்டார், காற்றின் திசையைச் சந்தேகப்பட்டார், பக்கத்தில் உயரமான கட்டடம் ஏதாவது மறைத்திருக்குமோ என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக இல்லை என்றாள். வருடங்கள் போகப் போக, தான் சந்தேகப்படுவது மழையை அல்ல என்பது அவருக்கு மெல்ல விளங்கியது. அதை விளங்கிக்கொள்ள விருப்பமில்லாமல் மேகத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அவள் நல்லபடியாகத்தான் இருந்தாள்; சமைத்தாள், கோயிலுக்குப் போனாள், மகனுக்குப் பெண் பார்த்தாள். சில வேளைகளில் மட்டும், எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது, யாரோ இன்னும் வர வேண்டியிருக்கிற மாதிரி அந்த வீடு காதைத் தீட்டிக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றும். ஆட்களை எண்ணிப் பார்ப்பார். எல்லோரும் இருப்பார்கள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் "கனி, ஒரு காப்பி தாயேன்" என்று குரல் கொடுத்தார். உள்ளே இருந்து "இந்தா, வந்துட்டேன்" என்றாள். மழை வலுத்தது, சாரல் காலை நனைத்தது, அவள் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். "வந்துட்டேன்னு சொன்னேம்லா" என்றாள் அதே இடத்திலிருந்து. எவ்வளவு காலமாகக் கேட்கிற சொல்! இன்னும் வராதவர்கள்தான் நம் ஊரில் அதைச் சொல்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வந்து சேர்ந்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

எழுந்து அடுக்களை வாசலுக்குப் போனார். அவள் மேடைக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். பால் பொங்கி வழிந்து அணைந்துபோயிருந்த அடுப்பைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசுவடியான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"கனி, அன்னைக்கு அந்த முத்தத்துல நின்னு வந்துட்டேன்னு சொன்னியே, அது வந்து சேந்தவ சொன்னதா, இல்ல இப்பம் எங்கிட்ட சொன்னியே, அது மாதிரியா?"